எதிரொலி வராத இடம்

ஆவரம்புலத்துக் கிணற்றில் ஆயிரக்கணக்கான மீன்களைக் கொட்டப் போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் முதலில் வந்து சேர்ந்தவை ஊர்ப் பூனைகள்தாம். மனிதர்கள் பிறகுதான் வந்தார்கள். சோதிலிங்கத்தின் வெங்காயத் தோட்டத்து நடுவில் இருந்த பெரிய கிணற்றைச் சுற்றி ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். பெட்டியைத் திறந்ததும் உள்ளே விரல் நீளத்தில், வெள்ளி மினுக்கத்தோடு அவை நெளிந்தன. துணிந்த பூனையொன்று எட்டி முகர்ந்து பார்த்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு வெங்காயத் தறைக்குள் போய்விட்டது.

“பூனைக்கு விளங்கிட்டுது, இது மீன் இல்லை எண்டு,” என்றான் றெஜினோல்ட்.

அவற்றைச் செய்தவன் அவன்தான். பாசையூர்க் கடற்கரையில் வளர்ந்தவன் என்பதால் தன் இயந்திர மீன்களுக்கு அங்கே வலையில் விழும் சின்ன மீனின் பெயரை, சூடை என்று, வைத்திருந்தான். அவன் பக்கத்தில் நின்ற நிரோஜினி சிரித்தாள். நிலத்தடி நீரை ஆராய்கிறவள் அவள். கடல் ஏறி, தீவுகளின் கிணறுகள் எல்லாம் உவர்த்து, அங்கிருந்த சனம் பெட்டி படுக்கையோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. மிச்சமிருக்கும் நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது, எப்படி ஓடுகிறது என்று தெரியாவிட்டால் அடுத்த தலைமுறைக்குக் குடாநாடே இராது. அவள் இரவு பகலாக மண்டையை உடைத்துக்கொண்டது இந்த ஒரு காலைக்காகத்தான்.

“உதுகளைக் கிணத்துக்குள்ள விட்டா எங்க போகும் பிள்ளை?” என்று கேட்டார் பக்கத்துத் தோட்டக்காரர் வல்லிபுரம்.

“தண்ணி போற இடமெல்லாம் போகும் அண்ணை. எங்கட மண்ணுக்குக் கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணி அதைக் கரைச்சுக் கரைச்சுப் பொந்தும் குகையுமா ஆக்கி வச்சிருக்கு. கீரிமலையில கடலுக்குப் பக்கத்தில ஏன் நல்ல தண்ணி வருது? உந்தப் பொந்துகளுக்குள்ளால ஓடி வாற தண்ணிதான். பொந்தின்ர கூரை இடிஞ்சு மேல திறந்தால் அதைத்தான் பொக்கணை எண்டுறம்.”

“அது தெரிஞ்ச கதை. மீன் என்னத்தைப் புதுசாச் சொல்லப் போகுது?”

“ஒவ்வொண்டும் டிக் எண்டு ஒரு சத்தம் போடும்,” என்றான் றெஜினோல்ட். “சத்தம் சுவரில பட்டுத் திரும்பி வரும். எவ்வளவு நேரத்தில வருது எண்டதை வச்சுச் சுவர் எவ்வளவு தூரத்தில எண்டு மீன் கணக்குப் பாக்கும். எல்லாம் சேந்து பாத்தா, கீழ இருக்கிற முழுக் குகையும் படமா வந்திடும். நாக்கும் வச்சிருக்கிறன். தண்ணியை ருசி பாத்து உப்போ, உரமோ, வேறை அசிங்கமோ எண்டும் சொல்லும்.”

“வேறை அசிங்கமோ!” என்று வல்லிபுரம் வாய்விட்டுச் சிரித்தார். பாவம், அன்றைக்குச் சிரித்தார்.

சோதிலிங்கம் தேங்காய் உடைத்தார். அவர் நிரோஜினியின் தாய்க்கு ஒன்றுவிட்ட தமையன், ஊர்ச் சங்கத்தின் தலைவர், நல்ல மனிதர், குரல் மட்டும் ஒலிபெருக்கி இல்லாமலே ஊர் முழுக்கக் கேட்கும். மருமகள் கேட்டதற்காகத் தன் கிணற்றைத் திறந்துவிட்டவர். சூடைகள் ஒரே பாய்ச்சலாய்த் தண்ணீருக்குள் இறங்கி, பாறை இடுக்கைக் கண்டுபிடித்து, கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துபோயின. சனம் கைதட்டியது. நிரோஜினிக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் தவமணி தள்ளுவண்டியில் வெற்றுக் கலன்களோடு வேலி ஓரம் வந்து நின்றாள். ஊரின் தெற்கே கலட்டியில் இருப்பவள். மேலே மண் இல்லாத வெறும் கல் நிலம் அது. காணி இல்லாதவர்கள் குடியிருக்கும் இடம். அங்கே ஒரு கிணறும் கிடையாது. “கல்லு, வெட்டினாலும் தண்ணி வராது” என்று எல்லோரும் சொன்னார்கள், ஒருவரும் வெட்டிப் பார்க்கவில்லை.

“நில்லு தவமணி, இப்ப நிரப்பித் தருவினம்,” என்றார் சோதிலிங்கம்.

“ஓம் ஐயா.”

“அவாவே சுவிச்சைப் போட்டு நிரப்பலாம்தானே மாமா?” என்று நிரோஜினி கேட்டாள்.

“கண்டவையும் தொட்டா மோட்டர் பழுதாப் போயிடும் பிள்ளை.”

அவர் அதைக் கோபமில்லாமல், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். மோட்டர் ஒரு சாட்டு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாட்டன் காலத்தில் கயிற்றைத் தொடக்கூடாது என்றார்கள், பேரன் காலத்தில் சுவிச்சைத் தொடக்கூடாது என்கிறார்கள். தண்ணீரை மட்டும் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை, அதில் அவர்களுக்குப் பெருமையும் உண்டு. நிரோஜினிக்கு வாய்வரை வந்தது. ஆனால் மாமாவின் கிணறு வேண்டும். வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

தவமணி போகும்போது வண்டியை நிறுத்தி, “பிள்ளை, எங்கட பக்கமும் உந்த மீன் வருமோ?” என்று கேட்டாள்.

“கிணறு இருந்தாத்தானே அக்கா இறக்கலாம். கீழால வந்தா வரும்.”

“வந்தாச் சொல்லுங்கோ. புது வீட்டுக்குக் கூரை போட்டாச்சு. குடிபூரலுக்கு நீங்கள் கட்டாயம் வரோணும்.”

*

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமைக் காலையில் வாசிகசாலை மண்டபத்தில் அந்த வரைபடம் திறக்கப்பட்டது. சுவர் முழுக்க விரிந்த திரையில், ஆவரம்புலத்து வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் கீழே, நீல நிறத்தில் நரம்பு நரம்பாய் ஓடியது தண்ணீர். ஒவ்வொரு சூடையும் ஒரு வெள்ளிப் புள்ளி. அவை அந்த நேரத்திலும் நீந்திக்கொண்டிருந்தன. மண்டபமே எழும்பிவிட்டது.

“ஐயோ, எங்கட கோயில் வீதிக்குக் கீழ ஒரு மண்டபமெல்லோ இருக்கு!”

“இஞ்சை பாருங்கோ, எங்கட கிணறும் சின்னம்மா வீட்டுக் கிணறும் ஒண்டு! வேலிச் சண்டையில தண்ணி குடுக்க மாட்டன் எண்டவா, கீழால வந்துகொண்டுதான் இருந்திருக்கு!”

நிரோஜினி ஒவ்வொன்றாகப் பெருப்பித்துக் காட்டினாள். பேச்சு தடுமாறியது, அவ்வளவு சந்தோஷம். இத்தனை காலமும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக்கொண்டிருந்த கிணறுகள் எல்லாம் ஒரே தண்ணீரின் வேறு வேறு வாய்கள். வரைபடத்தின் தெற்கில் மட்டும் ஒரு பெரிய துண்டு வெள்ளையாக இருந்தது.

“உது என்ன வெள்ளை?” என்று சோதிலிங்கம் கேட்டார்.

“அது கலட்டி மாமா. அங்க சூடைக்கு எதிரொலி வரேல்லை. அந்தப் பக்கம் போன கொஞ்சம் இடுக்கில சிக்கிப்போச்சு, திரும்பேல்லை. மூடின கல்லு.”

“பாத்தீங்களே, நாங்கள் அப்பவே சொன்னனாங்கள், கல்லு எண்டு!” என்று அவர் சபையைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு றெஜினோல்ட் ருசிப் பக்கத்தைத் திறந்தான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது அப்போதுதான்.

மண்ணிறக் கோடொன்று வல்லிபுரம் வீட்டுப் பின்பக்கத்தில், சரியாகக் கக்கூசுக் குழியில் தொடங்கி, வேலிக்கு அடியால் போய், சோதிலிங்கத்தின் பெரிய கிணற்றில் முடிந்தது. சோதிலிங்கம் எழும்பி நின்றார். முகம் கறுத்துவிட்டது. “டேய் வல்லிபுரம்…” என்று அவர் தொடங்கு முன்பே யாரோ இன்னொரு கோட்டைக் காட்டினார்கள். அது சோதிலிங்கம் வீட்டுக் குழியில் தொடங்கிக் கோயில் கிணற்றில் முடிந்தது. அதற்குப் பிறகு யார் யாரை ஏசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டுக்காரி சபைக்கு நடுவிலேயே ஓங்காளித்தாள். ஒருவர் காலையில் குடித்த தேநீரை நினைத்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இறைக்கோணும்!” என்றார் சோதிலிங்கம். “இண்டைக்கே இறைச்சு, அடி கழுவி, புது ஊத்து எடுக்கோணும்!”

கிணற்றில் காகம் விழுந்தாலும் கோழி விழுந்தாலும் யாழ்ப்பாணத்துக்காரர் செய்வது அதைத்தான். கிணற்றை அடியோடு இறைத்துக் கழுவிவிடுவார்கள், புதுத் தண்ணீர் ஊறும், மனமும் ஆறும். ஆனால் மற்ற நாளில் ஒரு கிணறுதான் அசுத்தப்படும். அன்றைக்கு முழு ஊரின் கிணறும் ஒன்றாக அசுத்தப்பட்டது.

“இறைச்சு ஒண்டும் வராது! எல்லாம் ஒரே தண்ணி!” என்று நிரோஜினி கத்தினாள். கேட்பதற்கு மண்டபத்தில் ஆள் இருக்கவில்லை. கதிரைகள் மட்டும் இருந்தன.

மோட்டர்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. ஒழுங்கைகளில் தண்ணீர் ஆறாக ஓடியது. றெஜினோல்ட் விழுந்து விழுந்து சிரித்தான், அவளும் சிரித்தாள். இத்தனை பேர் தன் வரைபடத்தை இவ்வளவு தூரம் நம்பினார்கள் என்பதில் அவளுக்கு ஒரு சின்னக் கர்வமும் இருந்தது.

*

மத்தியானம் தாண்டியும் மோட்டர்கள் ஓயவில்லை. சோதிலிங்கத்தின் தோட்டக் கொட்டிலில் கணினிக்கு முன் இருந்த றெஜினோல்டின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

“நிரோ, கணக்கு இடிக்குது.”

“என்ன?”

“எங்கட படத்தின்படி கீழ இருக்கிற தண்ணி முழுக்க இப்ப வெளியில வந்திருக்கோணும். கிணறெல்லாம் அடி தெரிஞ்சிருக்கோணும். ஆனா தண்ணி ஆள் உயரம்தான் இறங்கியிருக்கு.”

“கடலிலிருந்து வருதோ?”

“வந்தா உப்பு இருக்கும். சொட்டு உப்பில்லை. நல்ல தண்ணி.”

நிரோஜினி கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். படத்தில் இல்லாத தண்ணீர்! ஊர் முழுக்க இறைத்தும் குறையாத தண்ணீர்! “சூடையளைப் பார் றெஜி, எந்தப் பக்கம் தலையைத் திருப்பி நிக்குது?”

நீரோட்டம் வரும் திசைக்குத்தான் மீன் தலையைத் திருப்பும், இயந்திர மீனும் அப்படித்தான். றெஜினோல்ட் படத்தைப் பெருப்பித்தான். வெள்ளிப் புள்ளிகள் எல்லாம், ஒன்று தவறாமல், தெற்கே பார்த்துக்கொண்டு எதிர்நீச்சல் போட்டன. தெற்கே இருந்தது அந்த வெள்ளைத் துண்டு.

“அது கல்லெல்லோ,” என்றான்.

“கல்லெண்டு ஆர் சொன்னது?”

“நீதான். எதிரொலி வராட்டி மூடின இடம் எண்டு விதி எழுதினது நீதான். முந்திப் பட்டணத்துக் கிணறுகளில சோதிச்சுப் பாத்தப்ப, சேறு அடைச்ச பொந்துகளில எதிரொலி வரேல்லை எண்டு…”

“ஓம். ஓம்.” அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “அடைச்ச இடத்தில வராது. வேறை எங்க வராது?”

அவன் யோசித்தான். சிறு வயதில் தகப்பனோடு வள்ளத்தில் போய் வந்தவன்.

“நடுக்கடலில கத்தினா வராது,” என்றான் மெதுவாக.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த கணம் கொட்டிலே அதிரும்படி கத்தினார்கள். சூடையின் சத்தம் எட்டும் தூரத்துக்குச் சுவரே இல்லாத குகை! அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத அளவுக்குப் பெரிய நல்ல தண்ணீர்க் குளம், யாரும் வெட்டாத கல்லுக்குக் கீழே! றெஜினோல்ட் மேசையில் தாளம் போட்டான். அவள் அவனைப் பிடித்துச் சுற்றினாள். இரண்டாவது சுற்றில் நின்றுவிட்டாள்.

“றெஜி, அவ்வளவு அகலத்துக்குக் கூரை எப்பிடி நிக்குது?”

அவன் தாளம் நின்றது.

“தண்ணி முட்டுக் குடுத்துத்தான் நிக்குது,” என்று அவளே சொன்னாள். “அந்தத் தண்ணியைத்தான் நாங்கள் இறைக்கிறம். இறைச்ச தண்ணி எல்லாம் ஒழுங்கையால ஓடிப் பள்ளத்துக்குப் போகுது. பள்ளம் கலட்டி. மேல பாரம் ஏறுது, கீழ முட்டு இறங்குது.”

கலட்டியில் வீடுகள் இருந்தன. வீடுகளில் சனம் இருந்தது.

வெளியே சோதிலிங்கம் கிணற்றுக்கட்டில் கை ஊன்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னும் கொஞ்சம்தான் பிள்ளை, அடி தெரியப்போகுது!”

“மாமா, மோட்டரை நிப்பாட்டுங்கோ. ஊர் முழுக்க நிப்பாட்டுங்கோ. கலட்டிக்குக் கீழ பெரிய குகை இருக்கு, இடியப் போகுது.”

“கலட்டிக்குக் கீழ கல்லு. நீதானே காலமை சபை நடுவில சொன்னனீ?”

“பிழை மாமா. நான் எழுதினது பிழை. கிணறு இருக்கிற இடத்தில மட்டும் மீனை விட்டுப்போட்டு, கிணறில்லாத இடத்தைக் கல்லு எண்டு எழுதிப்போட்டன்.”

“விசர்க்கதை கதையாதை. உவங்கட கக்கூசுத் தண்ணியைக் குடிச்சுக்கொண்டு இருக்கச் சொல்லுறியோ? அரை மணித்தியாலம் பொறு.”

“அரை மணித்தியாலத்தில அங்க சனம் இருக்காது மாமா!”

சோதிலிங்கம் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். ஊருக்கு மின்சாரம் தரும் சூரிய நிலையத்தின் சாவி சங்கத் தலைவர் என்ற முறையில் அவர் இடுப்பில்தான் தொங்கியது. அவர் கை சாவிக்குப் போனதா இல்லையா என்று பார்க்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை. மேசையில் கிடந்த சூடை ஒன்றைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு சைக்கிளில் பாய்ந்தாள்.

*

ஒழுங்கை முழுக்க முழங்கால் நனையத் தண்ணீர் ஓடியது. சைக்கிள் இரண்டு தரம் சறுக்கியது. கலட்டிக்கு வந்தபோது தவமணி தன் புது வீட்டின் பின்பக்கத்தில் தும்புத்தடியால் தண்ணீரைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். வீட்டுக் கதவுக்கு நீல வர்ணம் அடித்திருந்தது, வர்ணத்தின் மணம் இன்னும் போகவில்லை.

“வாங்கோ பிள்ளை! பாருங்கோ, ஊர் அழுக்கெல்லாம் எங்கட வாசலுக்குத்தான் வருது. நல்ல காலம், கல்லில ஒரு வெடிப்பு விழுந்து எல்லாத்தையும் குடிச்சிட்டுது. இல்லாட்டிப் புதுத் தரை நாசம்.”

சுவரோரம் கல்லில் கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அவ்வளவு தண்ணீரும் அதற்குள் போய்க்கொண்டே இருந்தது, நிரம்பவில்லை.

“அக்கா, உடனே வெளிக்கிடுங்கோ. எல்லாரையும் கூட்டிக்கொண்டு றோட்டுக்குப் போங்கோ. நிலம் இடியப் போகுது.”

தவமணி தும்புத்தடியை நிமிர்த்திப் பிடித்தாள். முகம் மாறிவிட்டது. “எழும்பு எண்டு சொல்ல எப்பவும் ஆரோ ஒராள் வந்துகொண்டுதான் இருக்கினம். தோட்டம் போடவேணும், எழும்பு. றோட்டுப் போடவேணும், எழும்பு. வெள்ளிக்கிழமை குடிபூரல் பிள்ளை. நான் எழும்ப மாட்டன்.”

விளங்கப்படுத்த நேரம் இல்லை. நிரோஜினி பொக்கற்றிலிருந்த சூடையை எடுத்து வெடிப்புக்குள் போட்டாள். றெஜினோல்டை அழைத்துப் போனின் சத்தத்தைக் கூட்டிவைத்தாள். இருவரும் குனிந்து கேட்டார்கள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீரில் எதுவோ விழும் சத்தம், எங்கோ தூரத்தில் விழுவதுபோல.

டிக்.

“உது என்ன?”

“மீன் கூப்பிடுது அக்கா. பக்கத்தில சுவர் இருந்தாப் பதில் வரும்.”

டிக். டிக். டிக்.

பதில் வரவில்லை. றெஜினோல்டின் குரல் கேட்டது: “நிரோ, அது தண்ணிக்குள்ளதான் நிக்குது. சுத்திவர ஒண்டுமே இல்லை. தண்ணிக்கும் கூரைக்கும் நடுவில காத்து வந்திட்டுது. கெதியா வெளியில வாங்கோ!”

தவமணி தன் காலடியைப் பார்த்தாள். பிறகு வீட்டைப் பார்த்தாள்.

“இதுக்கு மேலயோ நான் கட்டினனான்?” என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த கணம் ஒரு பெரிய சட்டியைத் தூக்கி அகப்பையால் அடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் ஓடினாள். அவள் போட்ட சத்தத்தில் தூங்கியவன், சமைத்தவள், பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். நிரோஜினி சொன்னால் கேட்டிருக்க மாட்டார்கள், தவமணி சொன்னதும் கேட்டார்கள். தையல் மெசினைத் தூக்கியவனை ஏசி, அதைப் போட்டுவிட்டுத் தாயைத் தூக்கவைத்தாள். கோழிக்கூட்டின் கதவைத் திறந்துவிட்டாள். நிரோஜினி இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளோடு ஓடினாள்.

கடைசிக் குடும்பம் மேட்டில் ஏறியபோது, காலையிலிருந்து உறுமிக்கொண்டிருந்த மோட்டர்கள் எல்லாம் ஒரே கணத்தில் நின்றன. சோதிலிங்கம் சாவியைத் திருப்பிவிட்டார். ஊர் அப்படி அமைதியாக இருந்ததை யாரும் கேட்டதில்லை. அந்த அமைதியில்தான் நிலத்துக்குக் கீழிருந்து ஒரு முனகல் கேட்டது.

முதலில் வெடிப்பு வாய் பிளந்தது. தண்ணீர்த் தொட்டி சாய்ந்தது. பிறகு கலட்டியின் நடுப்பகுதி ஒரு பாயைச் சுருட்டி உள்ளுக்கு இழுத்ததுபோல இறங்கியது. தவமணியின் வீடு கொஞ்ச நேரம் நின்றது. சுவர்கள் போன பிறகும் நீலக் கதவு தன் நிலையோடு தனியாக நின்றது. பிறகு அதுவும் போயிற்று. புழுதி மேடுவரை எழும்பியது.

தவமணி நிலத்தில் இருந்துவிட்டாள். “தோரணத்துக்கு மாவிலைகூடச் சொல்லி வச்சனான்,” என்றாள். அழவில்லை. நிரோஜினிதான் அழுதாள். தன் விதி, தன் வெள்ளை, தன் வரைபடம் என்று தேம்பித் தேம்பி அழுதாள். தவமணிதான் அவள் முதுகைத் தடவிவிட வேண்டியிருந்தது.

“அழாதேங்கோ பிள்ளை. ஆக்கள் எல்லாம் இருக்கினம். எண்ணிப்போட்டன்.”

புழுதி அடங்கியதும் யாரோ கத்தினார்கள். எல்லோரும் மேட்டு விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கீழே, இடிந்த கல்லுக்கு நடுவில், கண்ணாடிபோலத் தண்ணீர். அவ்வளவு பெரிய தண்ணீரை ஆவரம்புலம் ஒருநாளும் கண்டதில்லை. அதன்மேல் வெள்ளி மினுக்கமாய் நூற்றுக்கணக்கில் மிதந்துகொண்டிருந்தன, வெள்ளைக்குள் போய்க் காணாமல் போனவை என்று றெஜினோல்ட் கணக்கிலிருந்து கழித்துவிட்ட சூடைகள். அத்தனையும் ஒன்றாக டிக் டிக் என்றன. அழுதுகொண்டிருந்த நிரோஜினி அழுகையோடேயே சிரித்தாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

*

அந்த ஒருநாள் இறைப்பில், நல்ல தண்ணீருக்கு அடியில் கிடந்த உப்புத் தண்ணீர் மேலே ஏறிவிட்டது. ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாய் உவர்த்தன. கோயில் கிணறு முதலில், வல்லிபுரத்தின் கிணறு பிறகு, கடைசியில் சோதிலிங்கத்தின் பெரிய கிணறு. வெங்காயத் தாள் மஞ்சளடித்தது. கலட்டியில் திறந்த பொக்கணைத் தண்ணீர் மட்டும், அவ்வளவு பெருந்தண்ணீர் என்பதால், இளநீர்போல இருந்தது.

அதிகாரிகள் வந்து, கலட்டிச் சனத்துக்கு வேறு ஊரில் இடம் தருவதாகச் சொன்னார்கள். தவமணி கேட்டது ஒன்றுதான்: “கீழ கல்லு இருக்கிற இடம் எது எண்டு பிள்ளை சொல்லட்டும். அங்க கட்டுறம். தண்ணியை விட்டுப்போட்டுப் போக மாட்டம்.” நிரோஜினி சூடைகளை மறுபடியும் இறக்கி, விளிம்பிலிருந்து அடி அடியாக அளந்து இடம் காட்டினாள். வரைபடத்தையும் திருத்தினாள். எதிரொலி வராத இடங்களுக்கு இனி வெள்ளை இல்லை, சாம்பல் நிறம். அதற்கு அவள் கொடுத்த விளக்கம் ஒரே சொல்: ‘தெரியாது’. குடாநாட்டுப் படத்தில் சாம்பல் நிறம் எவ்வளவு இருந்தது என்று பார்த்து அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கலட்டிக்காரர் பொக்கணை ஓரத்தில் மரம் நட்டு, கப்பி பூட்டி, கயிறு போட்டார்கள். முதல் நாள் ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. தாகம் எத்தனை நாளைக்குப் பொறுக்கும்? அடுத்த காலையில் சோதிலிங்கம் வந்தார்.

நிரோஜினி விளிம்பில் அளவெடுத்துக்கொண்டிருந்தாள். மாமா வாளியோடு வருவதைக் கண்டு நிமிர்ந்தாள். அவர் கப்பிக்குக் கிட்டப் போகவில்லை. கொஞ்சம் தள்ளி, வேலியோரம், வாளியை நிலத்தில் வைத்துவிட்டு நின்றார். அப்படி நிற்கச் சொல்லி அவருக்கு யாரும் சொல்லவில்லை. தன் கிணற்றடியில் வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் அப்படி நின்றதைப் பார்த்த உடம்பு, தண்ணீர் கேட்டுப் போகிறவன் நிற்கும் இடம் அதுதான் என்று தானாக நின்றது. ஒலிபெருக்கிக் குரல்காரருக்கு அன்றைக்குக் குரல் வெளியே வரவில்லை.

தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்ற பெண்கள் எல்லோரும் தவமணியைப் பார்த்தார்கள். அவள் தன் குடத்தை நிரப்பி இறக்கி வைத்தாள். சோதிலிங்கத்தின் வெறும் வாளியைப் பார்த்தாள், அவர் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

“கயிறு அங்க கிடக்கு அண்ணை,” என்றாள் தவமணி. ஐயா என்று சொல்லவில்லை. “நீங்களே அள்ளுங்கோ. ஆர் தொட்டாலும் கப்பி பழுதாப் போகாது.”

சோதிலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு நடந்து வந்தார். ஈரக் கயிற்றைப் பிடித்தார். வாளி இறங்கித் தண்ணீரில் விழுந்தது. அந்தச் சத்தம் பொக்கணையின் இடிந்த கற்சுவர்களில் மோதித் திரும்பி மேலே வந்தது.